தாளைப் பார்க்காமல் ஒரு வாரம்

புதுச்சேரி எல்லைக்குள் நான் நோயாளியாகத்தான் இறங்கினேன். விழுப்புரத்தைத் தூக்கத்தில் தவறவிட்டு, திண்டிவனத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் பாதிப் பேர் கையில் பெரிய பழுப்பு உறை வைத்திருந்தார்கள். என் மடியிலும் ஒன்று இருந்தது, அவர்களுடையதை விடப் பெரிதாக. கோரிமேட்டில் பஸ் நின்றதும் கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"எறங்கும்மா. ஆஸ்பத்திரி வந்துடுச்சி."

"நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்ணே."

"பஸ் ஸ்டாண்டு போயி திரும்ப இங்கதான வரணும்? எக்ஸ்ரேவ வெச்சினு எதுக்கு அலையிற? எறங்கு, எறங்கு."

பின் சீட்டு அம்மாள் ஒருவர், "பாவம், சின்னப் பொண்ணு, தொணைக்குக்கூட ஆளு இல்ல" என்றபடி என் பையை எடுத்துக் கீழே வைத்தே விட்டார். உறைக்குள் இருப்பது எக்ஸ்ரே இல்லை, படம் வரைகிற தாள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஆட்டோக்காரர் ஒருவரிடம், "அண்ணாச்சி, கதிர்காமம் போகணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நான் மளிகைக் கடை வெக்கலம்மா" என்றார். எங்கள் ஊரில் மரியாதை என்று நினைப்பதெல்லாம் இங்கே வேறு யாருக்கோ உரியது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் சிவகாசி. மாமாவின் அச்சகத்தில் காலண்டர் படங்களுக்குக் கை, முகம், நகை எல்லாம் திருத்திக் கொடுப்பது பள்ளிக்கூட விடுமுறையில் தொடங்கி, கல்லூரி முடிந்தும் விடவில்லை. லட்சுமியின் கை வேண்டும் என்றால் பாதித் தூக்கத்தில்கூடப் போட்டுவிடுவேன். நெற்றியில் சுருள்முடி விழுந்த, கன்னம் உப்பிய குழந்தை என்றால் இன்னும் சுலபம். அப்படிப் போட்ட ஒரு குழந்தைதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது.

மதுரையில் ஒரு சிறிய பதிப்பகம், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கான படப் புத்தகம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படித் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, எல்லாம் படத்திலேயே. நான் மாதிரிக்கு ஒரு தாயும் குழந்தையும் வரைந்து கொடுத்தேன். பதிப்பாளர் அதை மேசையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்கு எலும்பே இல்லையேம்மா. இந்த அம்மா பிள்ளையத் தூக்கல, ஃபோட்டோவுக்கு நிக்கிறா. இதப் பாத்து ஒருத்தி தூக்கினான்னா பிள்ள கழுத்து பின்னால சாஞ்சிரும்."

அடுத்த சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு படம், கண்ணால் பார்த்து வரைந்ததாகக் கொடுத்தால் புத்தகம் எனக்கு. இல்லையென்றால் வேறு ஆள். காலண்டரில் நான் வரைந்த கைகள் வீடுவீடாகத் தொங்குகின்றன, ஒன்றிலும் என் பெயர் கிடையாது. அந்தப் புத்தகத்தில் இருக்கும். புதுச்சேரியில் செலின் என்பவர் பார்த்து வரைவதை ஒரு வாரம் கற்றுக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் பையைக் கட்டிவிட்டேன்.

தங்கியது கதிர்காமத்தில், என் கல்லூரித் தோழியின் அக்கா கஸ்தூரி வீட்டில். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க மில் தொழிலாளிகளாம். இப்போது ஒரு வீட்டில் எலெக்ட்ரீஷியன், ஒரு வீட்டில் ஹோட்டல் வேலை. கஸ்தூரி அக்காவின் கணவர் டெம்போ ஓட்டுகிறார். நான் கொண்டுபோன சாத்தூர் காராச்சேவை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "காரமே இல்லியே" என்றார். அவர் வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்ட பிறகு அந்தப் பேச்சின் நியாயம் புரிந்தது. குழம்புக்குத் தொட்டுக்கொள்ள முழ நீள ரொட்டி. அதைப் 'பான்' என்கிறார்கள். எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி வாங்குவோம். இங்கே ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் அக்குளில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள்.

செலினின் வகுப்பு கடற்கரைப் பக்கம், ஒரு பழைய வீட்டின் மாடியில். உயரமான ஜன்னல்கள், மஞ்சள் சுவர், தரையில் பாய். செலினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லாரும் 'மதாம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டுவார்.

மறுநாள் காலை ஆளுக்கு ஒரு காகிதத் தட்டு கொடுத்தார். டிபன் வரப்போகிறது என்று நினைத்தேன். தட்டின் நடுவே ஓட்டை போட்டுப் பென்சிலை அதில் செருகச் சொன்னார். இப்போது பென்சில் பிடித்த கையும் தெரியாது, கோடு போகிற இடமும் தெரியாது. இடது கையை எதிரே வைத்து, அதை மட்டும் பார்த்து வரைய வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது. பென்சிலைத் தூக்கவும் கூடாது.

"கையோட ஓரத்துல ஒரு எறும்பு ஊருதுன்னு வெச்சிக்கோங்க. அது எங்க போவுதோ அங்க கண்ணு போவணும். கண்ணு போற வேகத்துல பென்சிலு போவணும். தூஸ்மான், தூஸ்மான்." மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அந்த வாரம் முழுக்க அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. மளமளவென்று போட்டு முடித்துத் தட்டை எடுத்தேன். தாளைப் பார்க்காமலே நன்றாக வந்திருந்தது. கூர்மையான விரல்கள், பாதாம் வடிவ நகங்கள். பெருமையாக நீட்டினேன்.

மதாம் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார். "இது லட்சுமி கை. கொஞ்ச நேரம் விட்டா காசு கொட்டும். ஒன் கை எங்க?"

மொத்த வகுப்பும் சிரித்தது. என் கையைப் பார்த்தேன். நகம் கடித்த குட்டை விரல்கள், கட்டை விரலில் பழைய வெட்டுத் தழும்பு. இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்த கையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அடுத்த முறை நிஜமாகவே எறும்பு போலப் போனேன். வந்தது இஞ்சிக் கிழங்கு. விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கட்டை விரல் தாளை விட்டே வெளியே ஓடியிருந்தது. மதாம் அந்த இஞ்சியைத்தான் சுவரில் குத்தி வைத்தார்.

வகுப்பில் ரப்பர் கிடையாது. கோடு தப்பு என்று தோன்றினால் அழிக்கக் கூடாது, மறுபடி எழுந்து போய் அந்தப் பொருளைப் பார்க்க வேண்டும். "கோடு தப்பா, நீ தப்பான்னு அப்புறம் சொல்லு" என்பார்.

மதாம் எங்களைப் பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்கு அழைத்துப்போன காலையில் இதற்கு ஒரு பாடம் கிடைத்தது. கரையில் ஏற்றியிருந்த ஃபைபர் படகு ஒன்றின் கயிற்றை வரைந்தேன். தட்டை எடுத்துப் பார்த்தால் கயிற்றின் நடுவே தேங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். கை தடுமாறியிருக்கிறது என்று தாளைக் கசக்கப் போனேன். மதாம் முறைத்ததால் எழுந்து போய்ப் பார்த்தேன். அறுந்த இடத்தில் வலைத் துண்டை வைத்துச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். என் கண் அதைத் தொட்டுத்தான் வந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

அந்த உற்சாகத்தில் மீன் கூடைக்கு முன்னால் குந்திக்கொண்டு ஒரு வஞ்சிரத்தை வரைய ஆரம்பித்தேன். துடுப்பு ஓரமாக எறும்பு ஊர்ந்து வால் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, மீன்காரப் பெண் முந்தானையால் கூடையை மூடினார்.

"இந்தாம்மா, வாங்கப் போறியா, கண்ணு வெக்கப் போறியா?"

"படம் வரையறேன்க்கா."

"படம் வரையறவ பேப்பர இல்ல பாப்பா? நீ கண்ண எடுக்காம எம் மீனயே பாத்துனு இருக்குற. இப்புடிப் பாத்தா கல்லே வெடிக்கும், மீனு அழுகிப் போவாதா?"

தாளைப் பார்க்காமல் வரைகிற ஒருத்தி, மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிவாள் என்று அதுவரை யோசித்ததே இல்லை. ஒரு சங்கரா மீனை வாங்கிக்கொண்டு எழுந்தேன். திரும்பும்போது டெம்போவில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. மீன் வாசனைதான் காரணம் என்று நம்புகிறேன்.

கஸ்தூரி அக்கா வீட்டு மாடியில் மலர் என்று ஒரு பெண் குடியிருந்தாள். என்னைவிட இரண்டொரு வயது பெரியவள். கணவனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நாலு மாதக் கைக்குழந்தை. கன்னத்தில் மையால் பெரிய திருஷ்டிப் பொட்டு. சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெயில் காட்ட வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம், வரையலாமா என்று கேட்டேன். "ஃபோட்டோ மாதிரிதான? எடுத்துக்க" என்றாள்.

ஃபோட்டோ எடுக்க ஒரு நொடி போதும். நான் தட்டைச் செருகிக்கொண்டு, மலரின் தோளில் தொடங்கி, முழங்கையில் இறங்கி, குழந்தையின் முதுகு, தொடை, பாதம் என்று ஊர்ந்தேன். வெயில் வாசற்படியிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது. மலர் இரண்டு முறை முந்தானையைச் சரிசெய்தாள். ஒருமுறை, "இன்னும் முடியலியா?" என்றாள். அவள் குரல் மாறியிருந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை. குழந்தையின் ஒவ்வொரு கால்விரலாகச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

தட்டை எடுத்ததும் கஸ்தூரி அக்கா எட்டிப் பார்த்தார். மலருக்கு மூக்கு காதருகில் இருந்தது. குழந்தைக்கு ஒரு கண் நெற்றியில், பாதம் தலையைவிடப் பெரிது, அதில் நடுவிரல் வீங்கிப்போய்க் காம்போடு தொங்கியது.

"இது என்னா, கத்திரிக்காயா?"

"விரலுக்கா."

"எம் புருசன் குடிச்சிட்டு வரைஞ்சாகூட இதவிட நல்லா இருக்கும்."

மலர் சிரிக்கவில்லை. குழந்தையை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிற்பகலில் குழந்தை அழத் தொடங்கியது. பால் குடிக்கவில்லை. தூளியில் போட்டால் அழுகை, தோளில் போட்டால் அழுகை. காய்ச்சலும் இல்லை. மாலை வகுப்பு முடிந்து நான் திரும்பியபோது கஸ்தூரி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"உமா, அப்படியே நில்லு. கால எடுக்காத."

பாம்புதான் என்று நினைத்து உறைந்து நின்றேன். அக்கா குனிந்தார். "எடது கால மட்டும் தூக்கு" என்றார். தூக்கினேன். அந்த இடத்து மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, கையிலிருந்த காய்ந்த மிளகாயோடும் உப்போடும் சேர்த்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே, "கோச்சிக்காத. மலரு மத்தியானத்துலேருந்து அதயே சொல்லினு இருக்குறா. அவ மனசு ஆறட்டும்" என்றார்.

குழந்தையைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் நெடி வந்தால் ஒன்றுமில்லை. வராவிட்டால் கண்தான். நான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மிளகாய் நெடிக்காக ஏங்கி மூக்கை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை.

குழந்தை களைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தது. அக்கா இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே அந்தப் புள்ளய வரைய வாணாம் உமா. வேற என்னாச்சும் வரை. தெருவுல பூனை இருக்குதில்ல?"

பூனையை வைத்துக்கொண்டு நான் எந்தத் தாய்க்கு என்ன சொல்லிக்கொடுப்பது? மலரை விட்டால் சனிக்கிழமைக்குள் இன்னொரு தாய்க்கு எங்கே போவது? அதைவிட மோசம், மேலே குழந்தை என்னால்தான் அழுதது என்று ஒரு வீடே நம்பியது. எனக்குக் கண் மேல் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி அழுகை ஆரம்பித்தது. படத்தைக் கிழித்துவிடலாம் என்று உறையிலிருந்து எடுத்தேன். மூக்கு தப்பு, கண் தப்பு, காது தப்பு. அந்தக் கத்திரிக்காய் விரலும் தப்பு. எல்லாமே இடம் மாறியிருந்தன. ஆனால் விரல் மட்டும் இடம் மாறவில்லை, அளவுதான் மாறியிருந்தது. மற்ற நாலு விரல்களும் நாலு பட்டாணி. இது ஒன்றுக்கு மட்டும் அடியில் ஒரு நறுக்கு, அதற்கு மேலே உப்பல். அந்த இடத்தில் கோடு அழுத்தமாக, தயங்கித் தயங்கிப் போயிருந்தது.

பிள்ளைச்சாவடிக் கயிறு ஞாபகம் வந்தது. அழிக்காதே, போய்ப் பார்.

மாடிக் கதவை மலர் பாதிதான் திறந்தாள். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் குழந்தையின் முகத்தை மார்போடு மூடினாள்.

"போயிடு உமா. நான் உன்ன ஒண்ணும் சொல்லல. போயிடு."

"நான் பாக்க மாட்டேன். இந்தா, திரும்பி நின்னுக்கிறேன்." சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "நீங்களே பாருங்க. எடது காலு. நடு வெரலு."

பின்னால் குழந்தையின் அழுகை. துணி விலகும் சத்தம். சுவரில் ஒரு பல்லி அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அய்யோ. கஸ்தூரிக்கா. மேல வாங்களேன். புள்ள வெரலு செவந்து போயி கெடக்குது."

கஸ்தூரி அக்காவின் கணவர் டெம்போவிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கே நர்ஸ் விளக்கைக் கிட்டே இழுத்து, விரலின் அடியில் பார்த்து, மெல்லிய கத்தரியின் நுனியால் எதையோ நிமிண்டினார். சதைக்குள் புதைந்திருந்த ஒரு தலைமுடி. இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது.

"அம்மா முடிதான். புள்ள பெத்தா கொட்டும், துணில, கையில ஒட்டினு வரும். பல பேருக்குத் தெரியறதே இல்ல. நேரத்துக்கு வந்துட்டீங்க. விட்டிருந்தா வெரலுக்கே ஆபத்து." பஞ்சால் துடைத்துவிட்டுக் கேட்டார்: "இத்தினி சின்ன வெரல யாரு பாத்தது?"

மலர் மோவாயால் என்னைக் காட்டினாள். "தோ, இவங்க கண்ணுலதான் பட்டுது."

திரும்பும் வழியில் குழந்தை பால் குடித்தது. டெம்போவின் முன்கண்ணாடியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஆடிக்கொண்டே வந்தன.

காலையில் மலர் தானாகவே கீழே வந்தாள். கூந்தலை இழுத்துக் கொண்டை போட்டு, அதன்மேல் துண்டு வேறு கட்டியிருந்தாள்.

"நீ பாத்துதான் வந்துச்சி. நீ பாத்துதான் போச்சி. சரியாப் போச்சி இல்ல? வந்து வரை."

முடி முன்பே சுற்றியிருந்தது, நான் வரையும்போதே விரல் வீங்கியிருந்தது என்று விளக்க வாயைத் திறந்தேன். கஸ்தூரி அக்கா என் காலை மிதித்தார். மூடிக்கொண்டேன்.

"அந்தப் படத்தக் குடு" என்றாள் மலர். "தூளிக்கு மேல மாட்டப் போறேன். வர்றவங்க கண்ணு மொதல்ல அதும்மேலதான் போவும். அத்தப் பாத்தப்புறம் எவளுக்கும் எம் புள்ள மேல கண்ணு வெக்கத் தோணாது."

என் படத்தைச் சுவரில் மாட்டக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நெற்றிக் கண்ணும் கத்திரிக்காய் விரலுமாக அது தூளிக்கு மேலே ஏறியது. அதன் காவலில் நான் உட்கார்ந்து வரைந்தேன். தட்டு இல்லாமல், ஆனால் தாளை எப்போதாவது ஒருமுறை மட்டுமே பார்த்து. பிள்ளையைச் சுமக்கிற பக்கம் மலரின் தோள் தாழ்ந்திருந்தது. கை விரல்கள் விரிந்து கழுத்தைத் தாங்கின. சுண்டுவிரல் மட்டும் காதுக்குக் கீழே தனியாக நின்றது. குழந்தையின் வாய் அவள் ரவிக்கை ஓரத்தில் நசுங்கி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. காலண்டரில் இப்படி ஒரு வாயை வரைந்தால் மாமா என்னை வீட்டை விட்டே துரத்திவிடுவார்.

மதாம் அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவில்லை. நேராக மட்டும் பார்த்தார். "கனமா இருக்குது புள்ள" என்றார். நான் கேட்க விரும்பியது அவ்வளவுதான்.

பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். சனிக்கிழமை மத்தியானம் கஸ்தூரி அக்கா வீட்டு ஃபோன் அடித்தது. பதிப்பாளர்.

"அந்த அம்மா தோள் ஏன் ஒரு பக்கம் எறங்கியிருக்கு?"

"எறங்கித்தான் சார் இருந்துச்சு."

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. "சரி. அப்படியே இருக்கட்டும். மிச்சப் பக்கத்துக்கும் இவங்களையே வரைஞ்சிட்டு வந்துரும்மா."

அதனால் ஒரு வாரம் இன்னும் கொஞ்சம் நீண்டது. குளிப்பாட்டுவது, துடைப்பது, தூங்க வைப்பது எல்லாவற்றையும் மலர் செய்தாள், நான் பார்த்தேன். கண்ணைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் வரைய உட்காரும் முன் அவள் கேட்காமலே குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். அவள் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஊருக்குக் கிளம்பிய காலையில் கஸ்தூரி அக்கா வழியில் சாப்பிட ஒரு முழு 'பான்' ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் பழுப்பு உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். மலர் குழந்தையோடு வாசல் வரை வந்தாள். ஒரு கையைப் பின்னால் வைத்திருந்தாள்.

"உமா, ஒரு நிமிசம்."

"என்ன மலரக்கா?"

"ஒண்ணுமில்ல. இத்தினி நாளு பாத்திருக்க. எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

அவள் கையில் நாலு காய்ந்த மிளகாய் இருந்தன. நான் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொல்லாமலே, இடது காலைத் தூக்கினேன்.